ஆக்கர் கடைக்குப் போடலாமா? பாட்டா வீட்டுப் பெட்டி பற்றி ஒரு கேள்வி

கேள்வி | ஜூன் 4, 2022

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் எங்கள் பாட்டா (தாத்தா) கட்டிய ஓட்டு வீட்டை அடுத்த மாதம் இடிக்கிறோம். தட்டில் (பரணில்) ஒரு கால்பெட்டி கிடக்கிறது. உள்ளே நிறையக் காகிதம், பாதி மலையாள எழுத்து. ஓலைக் கட்டு ஒன்று, யாரென்று தெரியாத நாலைந்து போட்டோ. பெட்டிக்குப் பக்கத்தில் பனையேறுகிற சாமான்கள். சின்ன மாமா ஆக்கர்காரனுக்கு (பழைய சாமானை எடைக்கு வாங்குகிறவனுக்கு) போன் போட்டுவிட்டார். இதிலெல்லாம் வரலாறு இருக்கிறது என்று இங்கே அடிக்கடி சொல்கிறீர்கள். ராஜா வீடு, மந்திரி வீடு என்றால் சரி. பனையேறி வீட்டுப் பெட்டியில் அப்படி என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது?

பதில் | ஜூன் 4, இரவு

ஆக்கர்காரனை முதலில் நிறுத்துங்கள். மற்றதை நாளைக்குப் பேசலாம்.

ஜூன் 5

ராஜா வீட்டுக் காகிதத்துக்கு ஆள் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில்தான் நிற்கிறது, பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. திருவிதாங்கூர் அரசின் பழைய ஓலைகள் சுருணை சுருணையாகத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் இருந்த லண்டன் மிஷன் பாதிரிமார் ஊருக்கு எழுதிய கடிதங்களைக்கூட லண்டனில் பெட்டி போட்டு, எண் கொடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். பனையேறிகளைப் பற்றிப் பாதிரியார் எழுதியது பத்திரமாக இருக்கிறது. பனையேறி வீட்டில் எழுதியது தட்டில் கிடந்து செல்லரிக்கிறது, இல்லாவிட்டால் எடைக்குப் போகிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: பெட்டியைத் திறந்ததும் எதையும் கிளறாதீர்கள். இருக்கிற இருப்பிலேயே மேலிருந்து ஒரு போட்டோ. ஒவ்வோர் அடுக்கை எடுத்தபின் இன்னொன்று. எந்தக் காகிதத்தோடு எது சேர்ந்து கிடந்தது என்பதும் ஒரு தகவல். கரம் (வரி) கட்டிய ரசீதுக்குள் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தால், வைத்தவருக்கு அதில் ஏதோ கணக்கு இருந்திருக்கும்.

ஒட்டுவதற்கு செலோ டேப் கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது. இதை ஏன் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன் என்பதை அப்புறம் சொல்கிறேன், கொஞ்சம் வெட்கக்கேடு.

ஜூன் 6

சரி, வெட்கக்கேடு.

என் பாட்டாவுக்கு ஒரு அண்ணன். மூணாறில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதப் போனவர். அவர் வீட்டுக்கு எழுதிய கார்டு ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சியது. திருவிதாங்கூர் அஞ்சல் கார்டு, மேலே சங்கு அச்சு. அன்றைக்கு திருவிதாங்கூருக்குத் தனியாக 'அஞ்சல்' இருந்தது, 1951-இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. மூணாறும் எங்கள் ஊர்ப்பக்கக் குழித்துறையும் ஒரே ராஜ்யம் என்பதால் கார்டு சங்கு முத்திரையோடு வந்திருக்கிறது.

2003-இல் அது என் கைக்கு வந்தது. அழுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். காப்பி பென்சிலில் எழுதியது என்று எனக்குத் தெரியாது. காய்ந்திருக்கும்போது சாதாரண பென்சில் போலச் சாம்பலாக இருக்கும், தண்ணீர் பட்டதும் ஊதாவாகப் பொங்கும். என் கண் முன்னாலேயே ஒன்றரை வரி ஊதா மேகமாகப் போயிற்று. பதறிப்போய், மிச்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று அன்று சாயங்காலமே லேமினேஷன் செய்தேன். ஈரம் முழுதாகக் காய்ந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. இப்போது உள்ளே ஒரு பழுப்புத் திட்டு வருஷா வருஷம் வளர்கிறது. பிரித்தால் கார்டின் தோலும் கூட வரும்.

மிஞ்சியிருக்கும் முக்கியமான வரி இது: "இங்குள்ள வெள்ளத்தால் ரொம்பக் கஷ்டம். நாலு நாள் எழும்பாமல் கிடந்தேன்." அதற்கு அடுத்ததுதான் ஊதா. தேதி கொல்லம் ஆண்டு (அன்றைய மலையாளக் கணக்கு) 1099 ஐப்பசி. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1924-இல் மூணாறு ரயில்பாதையையே கொண்டுபோன வெள்ளம், அதை நேரில் பார்த்தவர் எழுதியது. குடும்பத்தில் இதைப் பெருமையாகச் சொல்வோம்.

ஜூன் 9

கருங்கல்காரர் பனையேறும் சாமான்களின் படம் போட்டிருக்கிறார். முருக்குத்தடி, தளைநார், இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டி, கடிப்பு, ஒரு கலயம். முருக்குத்தடியா மிருக்குத்தடியா என்று கீழே இரண்டு பேர் நேற்று ராத்திரி ஒரு மணி வரை சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டும் எழுதி வையுங்கள், யார் எந்த ஊரில் எப்படிச் சொன்னார் என்பதோடு. சண்டை போட்டவர்கள் இருவரும் பனை ஏறியதில்லை என்பதையும் சேர்த்து எழுதலாம்.

கலயத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். படத்தில் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. "தேய்த்துக் கழுவிவிட்டுப் படம் போடுகிறேன்" என்று எழுதியிருக்கிறார். கழுவாதீர்கள்! அது சுண்ணாம்பு. சுண்ணாம்பு தடவினால்தான் அக்கானி (பதநீர்) புளிக்காது. தடவாவிட்டால் கள். அந்த வெள்ளைப் படிவு போனால் அது வெறும் மண்சட்டி, மியூசியத்தில் 'பழங்கால மண்பாண்டம்' என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள். படிவு இருந்தால், இந்த வீட்டில் அக்கானி இறக்கினார்கள், கருப்பட்டி காய்ச்சினார்கள், காய்ச்ச வீட்டில் ஒரு பெண்பிள்ளை அடுப்படியில் புகை குடித்தாள் என்பது வரைக்கும் அது சொல்லும்.

கடிப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். பாளையை இடுக்கி நசுக்க. மரத்தில் செய்த இடுக்கி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் விரல் பட்ட இடம் மழுங்கிப் பளபளப்பாக இருக்கும், உங்களுடையதிலும் இருக்கிறது. பாட்டா வலது கைக்காரரா இடது கைக்காரரா என்று அம்மையிடம் கேட்டுப் பாருங்கள். தேய்மானம் ஒரு பக்கமாகத் தெரிகிறது.

ஜூன் 12

திருத்தம், வாங்கிக் கட்டிக்கொண்டது.

தக்கலைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "1099 ஐப்பசி எப்படி 1924 ஆகும்?"

ஆகாது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரிக்குப் பிறகு 825. 1099 ஐப்பசி என்றால் 1923 அக்டோபர் – நவம்பர். தொண்ணூற்றொன்பது வெள்ளம் வந்தது அந்த ஆண்டின் கடைசியில், கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில். கார்டு எழுதி எட்டு ஒன்பது மாதம் கழித்து வந்த வெள்ளத்தை பெரிய பாட்டா எப்படிப் பார்த்து எழுதியிருப்பார்?

இருபது வருஷமாகக் கல்யாண வீடுகளில் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டிருக்கிறேன். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. தக்கலைக்காரருக்கு நன்றி, கொஞ்சம் கோபத்தோடு.

ஜூன் 12, மாலை

ஒருவேளை அது ஐப்பசி அடைமழை வெள்ளமாக இருக்கலாம். மலையில் துலாவர்ஷமும் பலமாகத்தான் பெய்யும். கதை சின்னதாகிறது, அவ்வளவே. விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

ஜூன் 19

மனசு வராவிட்டாலும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்று அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் அக்கா, வயது எண்பத்திரண்டு, கண் மங்கல், காது படு கூர்மை. கார்டை வாசித்துக் காட்டினேன். "இங்குள்ள வெள்ளத்தால் ரொம்பக் கஷ்டம்" என்றதும் சிரித்துவிட்டாள்.

"லேய் மக்களே, இது ஆத்துவெள்ளம் இல்ல. குடிக்கிய வெள்ளம். பெரியப்பாக்கு மலைவெள்ளம் ஒத்துக்கிடாது. வயறு கெட்டுப் போவும். காய்ச்சித்தான் குடிப்பாரு. சாவது வரைக்கும் அந்தப் பழக்கம் போவல."

குடிக்கிற தண்ணீர்!

நான் விளவங்கோட்டுக்காரன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் "இம்புடு வெள்ளம் தா" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறேன். என் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத் தமிழுக்குப் பழகி அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட நானே காகிதத்தில் பார்த்ததும் வெள்ளத்தைப் பிரளயமாக வாசித்திருக்கிறேன். எழுத்தில் இருப்பது புத்தகத் தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்று எப்போதோ மண்டையில் ஏறியிருக்கிறது. 'நாலு நாள் எழும்பாமல் கிடந்தேன்' என்பதும் இப்போதுதான் பொருந்துகிறது. வெள்ளப்பெருக்கில் யாராவது நாலு நாள் கிடப்பார்களா?

ஜூன் 20

ராத்திரி தூக்கம் வராமல் கார்டை எடுத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்துப் பார்த்தேன். ஊதா மேகத்துக்குள் 'கா', கொஞ்சம் தள்ளி 'ச்சி'. பென்சில் அழுத்திய பள்ளம் இருக்கிறது. காய்ச்சி! கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் அவ்வளவு நிச்சயமாக இல்லை. பிரளயம் என்று நினைத்திருந்தபோது பிரளயம் தெரிந்தது. காய்ச்சி என்று அத்தை சொன்னபிறகு காய்ச்சி தெரிகிறது. அதே கண்தானே. ஆகவே நோட்டில் இப்படி எழுதி வைத்தேன்: "கார்டில் உள்ளபடி இவ்வளவு. அத்தை சொன்னது இது, 19.6.2022. நான் பார்த்ததாக நினைப்பது இது." மூன்றையும் மூன்று பத்தியில். குடும்பம் சொல்லிவந்த பிரளயக் கதையையும் அடித்துப் போடாமல் நாலாவதாக வைத்திருக்கிறேன். தப்பான கதைதான், ஆனால் நாங்கள் அதை இருபது வருஷம் நம்பினோம் என்பது நடந்த விஷயம்.

ஜூன் 26

கருங்கல்காரரின் காகிதங்களில் ஒன்று ஒற்றி ஆதாரம், அதாவது அடமானப் பத்திரம். மலையாள எழுத்து. "பணம் முந்நூறு" என்று இருப்பதாக யாரோ வாசித்துச் சொல்ல, அந்தக் காலத்தில் முந்நூறு ரூபாயா, பாட்டா பெரிய பணக்காரர் போலிருக்கிறது என்று கீழே ஒரே கும்மாளம். நிதானம். இங்கே பணம் என்பது துட்டு இல்லை, ஒரு நாணயத்தின் பெயர். 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரைச் சக்கரம். முந்நூறு பணம் சுமார் 43 ரூபாய். வெள்ளத்தில் விழுந்தவன் சொல்கிறேன், தெரிந்த சொல்லைத்தான் ரொம்பச் சந்தேகப்பட வேண்டும்.

வாசிக்க ஆள் கிடைப்பதுதான் நம் மாவட்டத்தில் பெரிய பாடு. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நல்லது. என் அப்பா அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர், நான் படிக்கவில்லை. ஒரே தலைமுறையில் வீட்டு ஆதாரம் வீட்டுக்காரனுக்கே வாசிக்க முடியாத காகிதமாயிற்று. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் வயதான ஆதாரம் எழுத்துக்காரர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் போட்டோ நகலோடு போங்கள், மூலத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.

ஓலைக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை என்கிறார். நல்ல காரியம். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம், பிசுக்கேறி அழுக்கும் பூஞ்சையும் பிடிக்கும். ஓலைச்சுவடிக்குப் புல்தைலம் பூசுவார்கள், வளைந்து கொடுக்கும், பூச்சியும் அண்டாது. அதையும் தெரிந்தவர் கையால் செய்யட்டும். ஓலையில் இருப்பது ஜாதகமோ, மருந்துக் குறிப்போ, வில்லுப்பாட்டோ, மா, காணி, முந்திரி என்று பின்னத்தில் போட்ட நெல்லுக் கணக்கோ. கணக்காக இருந்தால் ஏமாற வேண்டாம். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் கிடந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எடுத்து வாசித்ததால்தான் நாஞ்சில் நாட்டுப் பழைய சங்கதிகள் பல வெளியே வந்தன. கவிதைக்காரர் என்றுதான் அவரைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கல்வெட்டும் ஓலையும் தேடி அலைந்தவர் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூலை 3

இரண்டு மணிநேரம் அத்தையோடு. போனில் பதிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு கதை உண்டு. 1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த நாள். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள் செத்த நாள். அன்று பாட்டா மார்த்தாண்டத்தில் ஊர்வலத்தில் முன்னால் நின்றார், குண்டு காதோரம் போனது என்பது கதை. சித்தப்பா மேடையிலேயே பேசியிருக்கிறார்.

முதலில் "அன்றைக்கு என்ன நடந்தது அத்தை?" என்று கேட்டேன். சித்தப்பா சொன்னதையே ஒப்பித்தாள். அரை மணி நேரம் அப்படிப் போயிற்று. அப்புறம் சும்மா, "அன்றைக்கு வீட்டில் என்ன சாப்பாடு?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மரச்சீனிக் கிழங்கு. மீனுக்கு அப்பா சந்தையிலேந்து வரணும்னு அம்மை காத்திருந்தா."

சந்தையில் அவருக்கு என்ன வேலை? கருப்பட்டி விற்கப் போயிருக்கிறார். பனைக்காலம் முடிந்து விலை ஏறட்டும் என்று புகையில் வைத்திருந்த கருப்பட்டி, ஒரு கடவம் (பெரிய ஓலைப்பெட்டி) நிறைய. வெடிச்சத்தம் கேட்டதும் கடவத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். ராத்திரி பூரா அம்மை ஏசியிருக்கிறாள், கருப்பட்டி போனதற்காக. நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கடவம் மட்டும் ஓர் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்ததாம். தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கடவம் அத்தை வீட்டுப் புறவாசலில் தொங்குகிறது, அடியில் ஓட்டை, சிரட்டை போட்டு வைத்திருக்கிறாள். எத்தனையோ தடவை அதில் தலையை இடித்திருக்கிறேன்.

போராடப் போனவர்கள் இருந்தார்கள், அடிபட்டவர்களும் உயிரை விட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் தனி. என் பாட்டா கருப்பட்டி விற்கப் போனவர். எனக்கு இந்தப் பாட்டாவைத்தான் பிடித்திருக்கிறது. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 4

குளச்சல் பக்கத்து நண்பர் எழுதியதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது அவர் வீட்டில் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. பெற்றோரின் கல்யாணப் போட்டோ இன்றைக்கு இருப்பதற்குக் காரணம், தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த சித்தி ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போயிருந்ததுதான். கொள்ளுத்தாத்தா பெயரை கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எடுத்தாராம். நகல் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும், ஒரே வீட்டில் மூன்று பென்டிரைவ் வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

அவர் அப்பாவுக்குக் கடலில் மீன் கிடக்கும் பார் (கடலடிப் பாறை) எங்கே என்று தெரியும். கரையில் தெரியும் மலையையும் கோவில் கோபுரத்தையும் கண்ணால் ஒரே கோட்டில் பிடித்து இடம் சொல்வாராம். அதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்து ஒரே வழி, அவரோடு ஒருநாள் வள்ளத்தில் போய், அவர் கைகாட்டுவதைப் படம்பிடிப்பது. "இப்போ எல்லாம் ஜிபிஎஸ்தான், யாருக்கு வேணும்" என்கிறாராம் அப்பா. கேட்டால் கோபப்படுவாராம், ஆனால் கேட்காமலே சாப்பாட்டு நேரத்தில் சொல்வாராம். அப்படியென்றால் சாப்பாட்டு நேரத்தில் போனை மேசையில் வையுங்கள். அவருக்குத் தெரிந்து.

ஜூலை 10

'அவருக்குத் தெரிந்து' என்று போன வாரம் எழுதியது எனக்கே வந்து நிற்கிறது.

இன்று அத்தை பெரிய பாட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள், மூணாறில் அவருக்கு இருந்த இன்னொரு தொடர்பைச் சொல்ல ஆரம்பித்து, என் கையைப் பிடித்து, "அந்தக் குந்தத்த நிறுத்துடே" என்றாள். போன் பதிவை நிறுத்தினேன். சொன்னாள். நாற்பது நிமிஷம். நான் இதுவரை கேட்டதிலேயே நல்ல கதை அதுதான், எழுத முடியாது. "நான் போனப்பொறவு எழுதிக்கோ" என்றாள். அப்புறம் யோசித்து, "அப்பவும் எழுதாண்டாம்" என்றாள்.

அங்கே உள்ள பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் யாரோ ஒரு ஊரில் இருப்பார்கள். நோட்டில் தேதி மட்டும் போட்டு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

ஜூலை 11

ஒருவர் "அப்படியானால் வரலாற்றை மறைக்கிறீர்கள்" என்று சண்டைக்கு வந்திருக்கிறார். ஆமாம்.

ஜூலை 16

கருங்கல்காரர் போன் செய்தார். வீடு இடிப்பு ஆவணிக்குத் தள்ளிப்போயிருக்கிறது, சின்ன மாமாவே தள்ளிப்போட்டாராம். போட்டோக்களைக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறார்கள். ஐந்தில் மூன்று பேருக்குப் பெயர் கிடைத்தது. நாலாவது ஆளைப் பார்த்ததும் பாட்டி "இவனா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாளாம். பெயர்களைப் பின்னால் ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதச் சொன்னேன், பேனா வேண்டாம், பேனா அழுந்தி முன்பக்கம் தெரியும். நாலாவது போட்டோவின் பின்னால் என்ன எழுத என்று கேட்டார். "பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரியும், 15.7.2022" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கடிப்பு விஷயமும் கேட்டாராம். பாட்டா இடது கைக்காரர். அம்மைக்கே அது மறந்துபோயிருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போகிறேன். கலயத்தை யாரும் கழுவிவிடாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தட்டுக்கு ஏற ஏணி இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன், பார்த்தால் சொல்லுங்கள்.